ஹைட்ராலிக் லிஃப்டருக்கு அரைச் சுற்றா, முக்கால் சுற்றா? பிரீலோடை அளக்கும் முறை

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பழைய செவர்லே 350 வி8 எஞ்சினைப் பிரித்து, இரும்பு பிளாக்கின் மேல் புதிய அலுமினிய ஹெட்கள், புதிய கேம்ஷாஃப்ட், புதிய ஹைட்ராலிக் லிஃப்டர்கள் (கேம்ஷாஃப்டின் அசைவைப் புஷ்ராட் என்ற தண்டுக்குக் கடத்தும் உருளைகள்) வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஜீரோ லாஷ் (வால்வை அமுக்கும் ராக்கருக்கும் புஷ்ராட்டுக்கும் இடையே இடைவெளி சரியாகத் தீரும் நிலை) வந்த பிறகு ராக்கர் நட்டை அரைச் சுற்று இறுக்கச் சொல்கிறார் ஒருவர், முக்கால் என்கிறார் இன்னொருவர், பழைய சர்வீஸ் புத்தகமோ ஒரு முழுச் சுற்று என்கிறது. எதைப் பின்பற்றுவது என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: புஷ்ராட்டை விரலால் உருட்டி ஜீரோ லாஷைத் தேடினால் ஒவ்வொரு முறையும் நட் வேறு இடத்தில் நிற்கிறது. சிக்கல் முழுவதும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. எண்ணத் தொடங்கும் இடமே நிலையில்லாமல் இருக்கும்போது அங்கிருந்து அரையா, முக்காலா என்று வாதிடுவதில் பயனில்லை. எஞ்சின் கட்டும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரீலோடு என்பது ஒரு தூரம், தூரத்தை அளக்க வேண்டுமே தவிர, இறுக்கத்தைக் கையால் உணர்ந்து முடிவுசெய்யக் கூடாது.

லிஃப்டரின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வெளியே ஒரு உருளை உடல். செவர்லேயில் அதன் விட்டம் 0.842 அங்குலம். அதற்குள் மிக நுண்ணிய இடைவெளியில் ஒரு பிளஞ்சர் ஏறி இறங்குகிறது. பிளஞ்சரின் தலையில் புஷ்ராட் உட்காரும் கிண்ணம், அடியில் ஒரு மெல்லிய ஸ்பிரிங், ஒரு செக் வால்வு. கிண்ணம் மேலே வெளியேறிவிடாமல் தடுக்க ஒரு சர்க்ளிப். எஞ்சின் ஓடும்போது ஆயில் பிளஞ்சருக்குள் வந்து, செக் வால்வைத் தாண்டி அடியிலுள்ள அறையை நிரப்புகிறது. கேமின் லோப் (புடைத்த பகுதி) லிஃப்டரைத் தூக்கும்போது செக் வால்வு மூடிக்கொள்ள, அடைபட்ட ஆயில் திண்மமான இரும்பைப் போல நின்று வால்வைத் திறக்கிறது. புஷ்ராட் சும்மா உட்கார்ந்திருக்கையில் கிண்ணம் சர்க்ளிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து பிளஞ்சரை எவ்வளவு தூரம் கீழே அழுத்தி வைக்கிறோமோ அதுதான் பிரீலோடு. அம்பாசடர் போன்ற, திட டேப்பெட் வைத்த எஞ்சின்களில் ஃபீலர் கேஜ் நுழைத்துத் தொழில் கற்றவர்கள் இங்கேயும் ஏதோ ஒரு இடைவெளி விடவேண்டும் என்று நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர்; இடைவெளி தீர்ந்த பிறகு எவ்வளவு உள்ளே போகிறோம் என்பதுதான் கணக்கு.

பிரீலோடு ஏன் தேவை என்பதற்கு வெப்பம் முதல் காரணம். அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டரில் ஏறத்தாழ 23 மைக்ரான் விரிகிறது. எஃகு புஷ்ராட் ஏறத்தாழ 12 மைக்ரான்தான். உங்கள் அலுமினிய ஹெட்டில் ராக்கர் ஸ்டட் (ராக்கர் நட் ஏறும் மரைத்தண்டு) நிற்கும் உயரம் சுமார் 100 மில்லிமீட்டர் என்று வைத்து, 70 டிகிரி சூடேறினால், புஷ்ராட்டைவிட ஹெட் 0.08 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக விரியும். அங்குலக் கணக்கில் இது ஆயிரத்தில் மூன்று பங்கு. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியமாக உள்ள எஞ்சினில் இது இரட்டிப்பாகலாம். ஆக, வெப்பத்துக்காக மட்டும் நாம் ஒதுக்க வேண்டியது ஆயிரத்தில் சில பங்குகளே, 0.020 அங்குலம் வைத்தாலும் அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். மீதியுள்ள பிரீலோடு நாம் அளப்பதில் நேரும் பிழைக்கும், காலப்போக்கில் வரும் தேய்மானத்துக்குமானது. ஆகவே ‘அதிகமாக இறுக்கினால் பாதுகாப்பு’ என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. பிளஞ்சர் அடியில் முட்டும்வரை இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் போய்விடும், ஓட்டிக்கொண்டே இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு எரியும். போதாமல் விட்டால் கிண்ணம் சர்க்ளிப்பில் தட்டிச் சத்தம் போடும். சாதாரண லிஃப்டர்களில் நாளடைவில் அந்த சர்க்ளிப் கழன்று வரவும் கூடும்.

இனி சுற்றுக் கணக்கு. உங்கள் எஞ்சினில் இருப்பது 3/8 அங்குல ஸ்டட் என்றால் அதில் அங்குலத்துக்கு 24 மரைகள் இருக்கும். நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அது 0.042 அங்குலம் கீழே இறங்கும். பலர் இதையே பிரீலோடு என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. ராக்கரின் ஒரு முனை வால்வின் நுனியில் அசையாமல் நிற்கிறது. நடுவிலுள்ள தாங்குபுள்ளி கீழே இறங்குகிறது. எனவே புஷ்ராட் பக்கத்து முனை அதைவிட அதிகமாக இறங்கியாக வேண்டும். ராக்கர் விகிதம் 1.5 என்றால், நட் இறங்கும் தூரத்தை 2.5 ஆல் பெருக்கி 1.5 ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு முழுச் சுற்று பிளஞ்சரில் சுமார் 0.069 அங்குலம், முக்கால் சுற்று 0.052, அரைச் சுற்று 0.035. மில்லிமீட்டரில் முறையே 1.76, 1.32, 0.88. உங்கள் புதிய ஹெட்டில் 7/16 அங்குல ஸ்டட் இருந்தால் அங்குலத்துக்கு 20 மரைகள்தான். அதே அரைச் சுற்று இப்போது 0.042 அங்குலம் ஆகிவிடும், முழுச் சுற்று 0.083. ராக்கர் ஒரு வில்லில் நகர்வதால் இவை துல்லியமான எண்கள் அல்ல. ஆனால் பட்டறை வேலைக்குப் போதுமானவை. ஸ்டட் எது, விகிதம் என்ன என்று கேட்காமல் ‘முக்கால் சுற்று’ என்று சொல்பவர் உங்கள் எஞ்சினுக்கு ஒரு எண்ணையும் தரவில்லை என்பதை இதிலிருந்து காணலாம்.

இப்போது ஜீரோ லாஷ். புஷ்ராட்டை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே நட்டை இறக்கி, உருட்டுவது கடினமாகும் இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். புதிய, ஆயில் நிரம்பாத லிஃப்டரில் பிளஞ்சரைத் தாங்குவது அந்த மெல்லிய ஸ்பிரிங் மட்டுமே. எண்ணெய் தடவிய புஷ்ராட், பிளஞ்சர் கணிசமாகக் கீழே போன பிறகும் வழுக்கிக்கொண்டு உருளும். விரலுக்கு ‘பிடிக்கிறது’ என்று தெரியும்போது ஏற்கெனவே பிரீலோடுக்குள் போய்விட்டிருப்பீர்கள். எவ்வளவு தூரம் என்பது அன்றைக்கு விரலில் இருந்த எண்ணெயைப் பொறுத்தது. உங்கள் நட் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. உருட்டுவதைவிட, புஷ்ராட்டை மேலும் கீழுமாக ஆட்டி, அந்த ஆட்டம் மறையும் இடத்தைப் பிடிப்பது மேல். கருவி எதுவுமே இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் முறை அதுதான்.

ஆனால் டயல் கேஜ் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருப்பதால் விரலை நம்பவேண்டிய அவசியமே இல்லை. இன்டேக் மானிஃபோல்டு இன்னும் ஏறவில்லை, லிஃப்டர்கள் இருக்கும் பள்ளம் திறந்து கிடக்கிறது. இதைவிட வசதியான நேரம் பிறகு வராது. டயல் கேஜின் காந்த அடிப்பாகத்தை பிளாக்கின் இரும்பு விளிம்பில் உட்கார வையுங்கள். அலுமினிய ஹெட்டில் காந்தம் ஒட்டாது. பள்ளத்தில் தெரியும் புஷ்ராட்டின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஹோஸ் கிளிப்பை இறுக்கி, கேஜின் நுனியை அதன் மேல் வைத்து, கேஜைப் புஷ்ராட்டின் சாய்வுக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். சாய்வு பத்து டிகிரி பிசகினாலும் பிழை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, 0.035 அங்குலத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இனி நட்டைத் தளர்ந்த நிலையிலிருந்து மெதுவாக இறக்குங்கள். ராக்கர் புஷ்ராட்டைத் தொடும்வரை முள் அசையாது. தொட்ட கணத்தில் முள் நகரத் தொடங்கும். அந்த இடம்தான் ஜீரோ லாஷ்; டயலை அங்கே பூஜ்ஜியத்துக்குத் திருப்பிக்கொண்டு, வேண்டிய பிரீலோடு வரும்வரை இறக்கினால் வேலை முடிந்தது. சுற்றுகளை எண்ணவே வேண்டாம். வேண்டுமானால் எண்ணி, மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாலி லாக் வகை நட் என்றால், உள்ளே உள்ள ஆலன் திருகை இறுக்கியபின் டயலை மறுபடி பாருங்கள்; பூட்டும்போது நட் சிறிது நகர்வது வழக்கம்.

இதெல்லாம் லிஃப்டர் கேமின் வட்டப் பகுதியில், அதாவது லோப்பின் தூக்கம் சிறிதும் இல்லாத இடத்தில், உட்கார்ந்திருந்தால் மட்டுமே செல்லும். நான் ஒவ்வொரு சிலிண்டராகவே செய்கிறேன்: எஞ்சின் ஓடும் திசையில் கிராங்கைத் திருப்பி, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கைச் சரிசெய்வது, இன்டேக் முழுதாகத் திறந்து மூடிவரும்போது எக்ஸாஸ்டைச் சரிசெய்வது. சர்வீஸ் புத்தகம் தரும் குறுக்குவழியும் சரியானதே. முதல் சிலிண்டர் எரியும் நிலையில் மேலுச்சியில் நிற்கையில் 1, 3, 4, 8 எக்ஸாஸ்ட்களும் 1, 2, 5, 7 இன்டேக்குகளும். கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி ஆறாவது சிலிண்டரை எரியும் நிலைக்குக் கொண்டுவந்தபின் 2, 5, 6, 7 எக்ஸாஸ்ட்களும் 3, 4, 6, 8 இன்டேக்குகளும். தொழிற்சாலைக் கேமுக்கு இது நன்றாக வேலை செய்யும். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம்களில் சில லிஃப்டர்கள் அந்த நிலையில் லோப்பின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், புதிய கேம் போடுகிற உங்களுக்கு முதல் முறையையே பரிந்துரைக்கிறேன்.

லிஃப்டரில் ஆயில் நிரம்பியிருந்தால் கதை வேறு. அப்போது நட்டை இறக்கினால் பிளஞ்சர் இறங்காது, வால்வுதான் திறக்கும். நட்டை நிறுத்திய பிறகும் டயலின் முள் மிக மெதுவாக ஊர்ந்துகொண்டே இருப்பதைப் பார்க்கலாம்: வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஆயில் பிளஞ்சரின் ஓரமாகக் கசிய, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்கிறது. முள் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சில லிஃப்டர்களில் இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் கிராங்கைத் திருப்பினால், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி குறைவான எஞ்சினில் இரண்டும் மோதும் அபாயம் உண்டு. ஆகவே புதிய லிஃப்டர்களை ஆயிலில் மூழ்கடித்துக் கையால் பம்ப் செய்து நிரப்புவதை நான் செய்வதில்லை. பக்கங்களில் ஆயிலும், தட்டையான அடி கொண்ட லிஃப்டர் என்றால் அடியில் கேமோடு வரும் பசையும் பூசினால் போதும். பிரீலோடு முழுவதும் வைத்து முடித்த பிறகே டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் கொண்டு ஆயில் பம்பைச் சுழற்றி எஞ்சினுக்கு ஆயில் ஏற்றுங்கள். வரிசை மாறினால் பதினாறு லிஃப்டர்களும் நிரம்பிவிடும், பிறகு ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை வேறிடத்தில் கட்டப்பட்ட எஞ்சின் ஒன்று இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் இல்லை என்று எங்களிடம் வந்தது. ஹெட்டைக் கழற்றும் முன் வால்வ் கவரைத் திறந்து அந்த இரண்டு சிலிண்டர்களின் நட்டுகளையும் தளர்த்திப் பார்த்தோம், கம்ப்ரஷன் திரும்பிவிட்டது. பழுது எதுவும் இல்லை, பிளஞ்சர்கள் அடியில் முட்டியிருந்தன.

சரி, எவ்வளவு வைப்பது? உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்டரைத் தயாரித்தவர் தரும் தாளில் ஓர் எண் இருக்கும். அது என் எண்ணையும் மற்ற எல்லார் எண்களையும் விட மேலானது. காரணம், பிளஞ்சரின் மொத்த ஓட்டம் லிஃப்டருக்கு லிஃப்டர் மாறுகிறது. சாதாரண லிஃப்டர்களில் அது பெரும்பாலும் 0.100 முதல் 0.200 அங்குலம் வரை; ரேஸுக்காகச் செய்யப்படும் குறை ஓட்ட லிஃப்டர்களில் அதைவிட மிகக் குறைவு. புத்தகம் சொல்லும் ஒரு முழுச் சுற்றை அவற்றில் வைத்தால் சில நேராக அடியில் முட்டிவிடும். சாதாரண ஓட்டமுள்ள லிஃப்டர், சாலையில் ஓடும் வண்டி, தயாரிப்பாளரின் தாள் கையில் இல்லை என்றால் நான் 0.030 முதல் 0.040 அங்குலம் வரை வைக்கிறேன்; உங்கள் ஸ்டட் 3/8 ஆக இருந்தால் அது கிட்டத்தட்ட அரைச் சுற்று. சாதாரண லிஃப்டரில் சர்வீஸ் புத்தகத்தின் முழுச் சுற்றும் ஒன்றும் தவறல்ல. வால்வு சீட் தேயத் தேய வால்வின் நுனி மேலே ஏறி, பிளஞ்சர் இன்னும் கீழே தள்ளப்படும். கேமும் ராக்கரும் தேய்ந்தால் அது மேலே வரும். பல ஆண்டுகள் யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை என்று நினைக்கும் தொழிற்சாலை, இரு பக்கமும் இடம் விட்டு நடுவில் வைப்பது நியாயம்தான் என்று நான் கருதுகிறேன்.

சந்தேகத்துக்குரியவை இதற்கு அப்பால் உள்ளன. அதிக வேகத்தில் வால்வு ஸ்பிரிங் தோற்று வால்வு மிதக்கும்போது, லிஃப்டர் அந்த இடைவெளியை ஆயிலால் நிரப்பிக்கொண்டு வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிளஞ்சர் மேலே ஏறக்கூடிய தூரம் பிரீலோடு அளவுதான் என்பதால், பிரீலோடு குறைவாக இருந்தால் இந்தத் தொல்லையும் குறையும் என்ற வாதம் கணக்குப்படி சரியே. மறுபுறம், பிளஞ்சரை அடிக்கு அருகில் வைத்தால் அடியறையில் ஆயிலின் அளவு குறையும், நுரை கலந்தாலும் அமுங்குவது குறையும் என்று வாதிடும் திறமையான கட்டுநர்களும் இருக்கிறார்கள். இரண்டு கட்சியிலும் வேகமாக ஓடும் எஞ்சின்கள் உண்டு. ஐந்தாயிரத்துச் சொச்சம் சுழற்சியில் திரும்பிவிடும் சாலை வண்டிக்கு இந்த விவாதம் பொருந்தாது என்பதே என் கருத்து; வால்வு மிதந்தால் மாற்ற வேண்டியது ஸ்பிரிங்கை, பிரீலோடை அல்ல.

உங்கள் நண்பரின் எல்எஸ் எஞ்சினை (செவர்லேயின் பிற்கால வி8 வகை) பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் சரிசெய்யும் நட்டே கிடையாது. ராக்கர் போல்ட்டை 22 அடி-பவுண்டு, அதாவது 30 நியூட்டன் மீட்டர் டார்க்கில் இறுக்கினால் பிரீலோடு எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான். அதை மாற்ற ஒரே வழி புஷ்ராட் நீளத்தை மாற்றுவது. அளக்கும் வேலை மட்டும் அதேதான்: லிஃப்டரை வட்டப் பகுதியில் நிறுத்தி, போல்ட்டை விரலால் ஜீரோ லாஷுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து டார்க் வரும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணலாம். அது 8 மில்லிமீட்டர் போல்ட், மரைக்கு 1.25 மில்லிமீட்டர், ராக்கர் விகிதம் 1.7, ஆகவே ஒரு சுற்று பிளஞ்சரில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், அதாவது 0.078 அங்குலம். ஹெட்டை எவ்வளவு சீவினார்களோ அவ்வளவும் அப்படியே பிரீலோடில் கூடும். தடித்த கேஸ்கெட் அதைக் குறைக்கும். வட்டப் பகுதி சிறிதான கேம் போட்டால், விட்டத்தில் குறைந்த அளவில் பாதி பிரீலோடிலிருந்து கழியும். வால்வு வேலையில் வால்வின் நுனி உயர்ந்திருந்தால், உயர்ந்த அளவை ராக்கர் விகிதத்தால் வகுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்படிப் பல சிறு மாற்றங்கள் சேர்ந்த எஞ்சினில் தாளில் கணக்குப் போடுவதைவிட, நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய சோதனை புஷ்ராட் ஒன்றை வாங்கி, ஜீரோ லாஷில் அதன் நீளத்தை அளந்து, வேண்டிய பிரீலோடைக் கூட்டிப் புஷ்ராட் வாங்குவது நம்பகமானது.

அப்படி வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. புஷ்ராட்டின் உருண்டை முனையில் ஆயில் துளை இருப்பதால் உருண்டையின் உச்சி வெட்டப்பட்டிருக்கும். 5/16 அங்குல உருண்டையில் 0.100 அங்குலத் துளை என்றால் ஒவ்வொரு முனையிலும் ஆயிரத்தில் எட்டு பங்கு, இரண்டும் சேர்ந்து சுமார் 0.016 அங்குலம் காணாமல் போகிறது. வெர்னியரில் அளந்தால் வருவது இந்தக் குறைந்த நீளம். சில தயாரிப்பாளர்கள் துளையே இல்லாதது போன்ற முழு நீளத்தைப் பெட்டியில் அச்சிடுகிறார்கள். நீங்கள் வைக்க நினைத்த பிரீலோடில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே போய்விடும். எந்த நீளத்தைக் குறிக்கிறார்கள் என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், வந்ததும் நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். உங்கள் 350-க்கும் புஷ்ராட் நீளம் முக்கியம்தான். ஆனால் அங்கே அது பிரீலோடுக்காக அல்ல, ராக்கர் வால்வின் நுனியில் நடுவாக உரசுகிறதா என்பதற்காக. அதை முதலில் பார்த்து நீளத்தை முடிவுசெய்த பிறகே நட்டுக்கு வாருங்கள்.

எஞ்சினை முதன்முறை கிளப்பும்போது சில விநாடிகள் டிக் டிக் என்று சத்தம் வரலாம். லிஃப்டர்கள் ஆயில் பிடிக்கும்வரை அது இயல்பு. சூடான பிறகும் ஓரிடத்தில் சத்தம் நிற்கவில்லை என்றால் அந்த நட்டை இன்னும் கால் சுற்று இறுக்கத்தான் கை போகும். அதற்கு முன் ஆயில் அழுத்தத்தைப் பாருங்கள், அந்தப் புஷ்ராட் வழியாக ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று பாருங்கள், ஸ்டட் ஹெட்டிலிருந்து மேலே இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, டயல் வைத்து மறுபடி அளந்தபோதும் பிரீலோடு நீங்கள் வைத்த எண்ணிலேயே நிற்கிறது என்றால், அந்த லிஃப்டரின் செக் வால்வில் தூசியோ தேய்மானமோ இருக்க வாய்ப்பு அதிகம். லிஃப்டரை வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தட்டையான அடி கொண்ட லிஃப்டர் என்றால், எந்த லோப்பிலிருந்து எடுத்தீர்களோ அதே லோப்பில்தான் அதைத் திரும்ப வைக்க வேண்டும். எடுக்கும்போதே அடையாளம் போட்டுவிடுங்கள்.